கரடியா, இருட்டா, ரேப்பியரா: மூன்று விநோத மல்டிகிளாஸ்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் மல்டிகிளாஸ் (ஒரே கதாபாத்திரம் இரண்டு கிளாஸ்களில், அதாவது வீரர் வகைகளில், லெவல் எடுப்பது) என்றதும் பாலடின்–சோர்சரர், சோர்சரர்–வார்லாக் என்று பழகிய ஜோடிகள்தான் நினைவுக்கு வரும். கரிஸ்மா என்ற திறன் எண்ணை ஏற்றினால் இரண்டு கிளாஸுக்கும் உதவும், அதனால் அவற்றில் அலச அதிகம் இல்லை. இங்கே எடுத்துக்கொள்வது முதல் பார்வையில் ஒட்டாது என்று தோன்றும் மூன்று: பார்பேரியன்–ட்ரூயிட், மாங்க்–வார்லாக், பார்பேரியன்–ரோக். கணக்கெல்லாம் 2014 விதிப்படி.

இருபதாம் லெவலில் இவை என்ன ஆகும் என்ற கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. அங்கே போய்ச் சேரும் ஆட்டங்களே குறைவு. நான் பார்ப்பது இரண்டுதான். பெரும்பாலான கிளாஸ்கள் பெரிய தாவல் தாவுவது ஐந்தாம் லெவலில். அதை இந்த ஜோடி எவ்வளவு தள்ளிப்போடுகிறது? அப்புறம், இரண்டு கிளாஸின் திறன்களும் ஒரே டர்னில் சேர்ந்து வேலை செய்யுமா, இல்லை ஒன்று மற்றதை முடக்குமா?

முதலில் கரடி. சர்க்கிள் ஆஃப் தி மூன் பிரிவின் ட்ரூயிட் இரண்டாம் லெவலிலேயே பழுப்புக் கரடியாக மாறலாம்: 34 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), டர்னுக்கு இரண்டு அடி. மூன்றாவது லெவலைப் பார்பேரியனில் எடுத்தால் கரடிக்கு ரேஜ் (போர்வெறி) வந்துவிடும். வாள், ஈட்டி, கதை போன்ற சாதாரண அடிகளெல்லாம் பாதியாகும், ஆக அந்த 34 கிட்டத்தட்ட 68 மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் +2 டேமேஜ். கரடியின் ஆர்மர் கிளாஸ்கூட (அடி படாமல் காக்கும் எண்) பார்பேரியனின் கவசமில்லாத் தற்காப்பால் 11இலிருந்து 13 ஆகிறது. மூன்றாம், நான்காம் லெவலில் இதற்கு ஈடுகொடுக்க டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) திணறுவார்.

உரசல் எங்கே? ரேஜில் இருக்கும்போது மந்திரம் போட முடியாது, ஏற்கெனவே போட்ட மந்திரத்தில் கான்சென்ட்ரேஷனும் (அதைத் தொடர்ந்து பிடித்துவைக்கும் கவனம்) நிற்காது. அதாவது ட்ரூயிட்டின் பாதி பலத்தை மூட்டை கட்டி வைக்க வேண்டும். ஆனால் பலரும் கவனிக்காத ஒரு ஓட்டை உண்டு: மூன் ட்ரூயிட் விலங்கு உருவில் ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடக் கிடைக்கும் ஒதுக்கீட்டை) செலவழித்து போனஸ் ஆக்‌ஷனில் காயம் ஆற்றிக்கொள்வது மந்திரம் போடுவதாகாது. ரேஜிலும் செய்யலாம். அடி பாதியாகிற நேரத்தில் ஆறிய ஒவ்வொரு பாயிண்டும் இரண்டுக்குச் சமம்.

கரடிக்கு இரண்டு அடி முன்பே இருப்பதால் ஐந்தாம் லெவலில் அடியைப் பொறுத்தவரை நஷ்டமில்லை. தாமதமாவது மூன்றாம் நிலை மந்திரங்கள்தான். இன்னும் வலுவான விலங்கு ட்ரூயிட் ஆறில்தான், அதாவது மொத்தம் ஏழில். பார்பேரியனில் ஒன்றோடு நிறுத்தவில்லை என்றால் அதுவும் நழுவிக்கொண்டே போகும். சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கும் ஜோடி இது. ஆறேழு லெவலில் முடியப்போகிற ஆட்டமென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இருட்டு ஜோடி நேர் எதிர். வே ஆஃப் ஷேடோ பிரிவின் மாங்க் மூன்றாம் லெவலிலிருந்து 2 கீ பாயிண்டில் (மாங்கின் ஆற்றல் புள்ளி) டார்க்னெஸ் மந்திரம் போடலாம். வார்லாக் இரண்டாம் லெவலில் டெவில்ஸ் சைட் எடுத்தால் அந்த மந்திர இருட்டுக்குள்ளும் 120 அடி வரை பார்க்கலாம். உங்கள் அடிக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்), எதிரியின் அடிக்கு டிஸ்அட்வான்டேஜ் (சிறிய எண்). நீங்கள் விலகிப் போகும்போது, உங்களைப் பார்க்க முடியாத எதிரியால் ஆப்பர்சூனிட்டி அட்டாக்கும் செய்ய முடியாது. கேட்கவே ஆசையாக இருக்கும்.

விலை மூன்று பக்கமும் வருகிறது. டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா மூன்றிலும் குறைந்தது 13 வேண்டும். திறன் எண்களை வாங்கக் கிடைக்கும் 27 பாயிண்டில் 15, 14, 13 என்று வாங்கினால் கான்ஸ்டிடியூஷனுக்கு (உடலுரம்) 13தான் எட்டும், முன்வரிசையில் நிற்பவருக்கு அது போதாது. வார்லாக்கின் பெயர்பெற்ற ஹெக்ஸ் மந்திரமும் டார்க்னெஸும் கான்சென்ட்ரேஷனுக்குச் சண்டை போடும், ஒன்றுதான் நிற்கும். மாங்க் மூன்றில் வார்லாக்கிற்குத் திரும்பிவிட்டால் ஐந்தாம் லெவலில் இரண்டாவது அடியும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கும் இல்லாமல் நிற்பீர்கள். மாங்க் ஐந்துவரை போய்விட்டு வந்தால் ஏழாம் லெவலில்தான் வித்தை கைகூடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது பார்ட்டி, அதாவது உங்களோடு ஆடும் குழு. அந்த 15 அடி ஆரத்துக்குள் நண்பர்களும் குருடுதான். நீங்கள் விழுந்து கிடந்தால் கிளெரிக்கால் ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரம் போட முடியாது, அதற்கு ஆளைப் பார்க்க வேண்டும். எதிரி டெவில்களாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே டெவில்ஸ் சைட் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் தூரத்திலிருந்து வில்லடிக்கும் குழுவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம், அப்போதும் இருட்டை எதிரிக் கூட்டத்தின் நடுவில் இறக்காமல் ஓரமாக வைக்கச் சம்மதித்தால்.

என் ஓட்டு பார்பேரியன்–ரோக்கிற்கு. ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (கூடுதல் டேமேஜ் தரும் அடி) என்றால் பதுங்கிப் பாய்வது என்று நினைப்பவர்களுக்கு இது அபத்தமாகத் தெரியும். விதியோ கேட்பது ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி இரண்டில் எதிலும் வீசக்கூடிய ஃபினெஸ் ஆயுதத்தை (அல்லது தூர ஆயுதத்தை), கூடவே அட்வான்டேஜை (அல்லது எதிரியின் பக்கத்தில் ஒரு கூட்டாளியை). டெக்ஸ்டெரிட்டியில்தான் அடிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஆக ரேப்பியர் என்ற மெல்லிய வாளை ஸ்ட்ரெங்த்தில் வீசினால் ரேஜ் டேமேஜும் உண்டு, ஸ்னீக் அட்டாக்கும் உண்டு. அட்வான்டேஜுக்கு மறைய வேண்டியதில்லை, பார்பேரியன் இரண்டின் ரெக்லெஸ் அட்டாக் ஒவ்வொரு டர்னும் அதைக் கொடுக்கும்.

ரெக்லெஸ் போட்டால் எதிரிக்கும் உங்கள் மேல் அட்வான்டேஜ் கிடைக்கும். அங்கேதான் ரோக் கைகொடுக்கிறது. பார்பேரியன் 5, ரோக் 5 என்று பத்தாம் லெவலில் 40 டேமேஜ் கோடாரி அடி விழுந்தால் ரேஜில் 20, ரோக்கின் அன்கேனி டாட்ஜில் (அடியைப் பாதியாக்கும் திறன்) 10. ரியாக்‌ஷன் என்பதால் சுற்றுக்கு ஒரு அடிக்குத்தான் இந்தச் சலுகை. ஸ்னீக் அட்டாக் அப்போது 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடை). இரண்டு அடியில் ஒன்று பட்டாலும் போதும். இருந்தாலும் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற சிறப்புத் திறனை எடுத்த முழு பார்பேரியனின் பெருவாளுக்கு டேமேஜில் இது ஈடாகாது. டேமேஜ் மட்டும்தான் குறி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

டேமேஜைத் தாண்டியும் இதற்கு வேலை இருப்பது எனக்குப் பிடிக்கும். அத்லெடிக்ஸில் எக்ஸ்பர்ட்டைஸ் (இரட்டைத் தேர்ச்சி) வைத்து ரேஜில் எதிரியைப் பிடித்தால் திமிறுவது கஷ்டம். கேடயத்தோடு ரேப்பியர் பிடித்தவருக்கு அதற்குக் கை இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள்.

தொடங்குவது பார்பேரியனாகவே இருக்கட்டும். மீடியம் ஆர்மரும் கான்ஸ்டிடியூஷன் சேவிலான (தாக்கத்தைத் தாங்கும் உருட்டல்) தேர்ச்சியும் முதல் கிளாஸாக எடுத்தால்தான் வரும். ஐந்துவரை பார்பேரியனிலேயே போய் இரண்டாவது அடியை வாங்கிக்கொண்டு ரோக்கிற்குத் திரும்புங்கள். ஏழாம் லெவலில், ஓடுவதையும் மறைவதையும் போனஸாகச் செய்யவிடும் கன்னிங் ஆக்‌ஷனும் சேர்ந்துவிடும். 2024 விதிகளில் ஆடும் மேசையிலும் இந்த ஜோடியின் அடிப்படை மாறவில்லை. கரடி ஜோடிக்குத்தான் அடி: அங்கே விலங்கின் ஹிட் பாயிண்ட் உங்களுக்கு வராது.