மென்பொருள் பொறியியல் பிஜி சர்டிபிகேட்: லட்ச ரூபாய் கொடுக்கலாமா?

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டே ஆன்லைனில் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பிஜி சர்டிபிகேட் முடித்தேன் என்று தெரிந்ததிலிருந்து ஓசூர், பர்கூர் பக்கத்துப் பசங்க "அண்ணா, சேரலாமா, வேலை கிடைக்குமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. நான் விசாரித்த வரையில் இந்த மாதிரிப் படிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கின்றன: பெயர் பல்கலைக்கழகத்துடையது, நடத்துவது ஒரு எட்டெக் கம்பெனி (ஆன்லைன் படிப்பு விற்கிற கம்பெனி).

மார்க் போடச் சொன்னால் வீடியோ பாடங்களுக்கு ஐந்துக்கு இரண்டு, நிர்வாகத்துக்கு ஒன்று, நாம் எழுதிய புரோகிராம் கோடைப் (code) படித்துத் திருத்தித் தந்த ஆளுக்கு நாலரை. அந்த நாலரைக்காகத்தான் கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மனசு வரவில்லை.

முதலில் இது என்ன காகிதம் என்று தெளிவாகிவிடுவோம். எம்.இ., எம்சிஏ மாதிரி இது பட்டம் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிராஜுவேட் சர்டிபிகேட் என்றால் பொதுவாக நாலைந்து முதுகலைப் பாடங்கள், 12 முதல் 15 கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) வரை. அப்புறம் அதே இடத்தில் மாஸ்டர்ஸ் சேர்ந்தால் பல இடங்களில் அந்தக் கிரெடிட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நம் பக்கம் பெயர் வந்துவிட்டது, கிரெடிட் சங்கதி பாதி வழியிலேயே நின்றுவிட்டது. 2021-ல் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று ஒன்று தொடங்கினார்களே, படித்த கிரெடிட்டைச் சேர்த்துவைத்து இன்னொரு படிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று, அதில் இந்தப் படிப்பின் கிரெடிட் ஏறுமா என்று, சேரச் சொல்லிப் போன் செய்த கம்பெனிப் பெண்ணிடம் கேட்டேன். "கண்டிப்பா சார், யூனிவர்சிட்டி சர்டிபிகேட் சார்" என்றார். ஏறும் என்றும் சொல்லவில்லை, ஏறாது என்றும் சொல்லவில்லை.

இது பட்டமா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி பில்லைப் பார்ப்பது. சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கான பாடத்திட்டத்தைக் கல்வி நிறுவனமே நடத்தினால் அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இந்த மாதிரிச் சர்டிபிகேட்டுக்கு 18% சேர்த்துத்தான் பில் வருகிறது. விளம்பரத்தில் லட்சத்துக்குக் கீழே தெரிகிற தொகை, பில்லில் லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 'வட்டியில்லா இஎம்ஐ' என்கிறார்களே, அது உண்மையில் ஒரு நிதி நிறுவனம் நம் பெயரில் கொடுக்கும் கடன். பணம் மொத்தமாக எட்டெக் கம்பெனிக்குப் போய்விடும், தவணை நம் தலையில். நடுவில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் (கடன் மதிப்பெண்) அடிபடும். என்னோடு சேர்ந்த ஒருவர் இரண்டாவது மாதமே விலகிவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பாடம் எப்படி என்றால், புதிதாக ஒன்றுமில்லை. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷில் நேட்டோ நடத்திய மென்பொருள் பொறியியல் மாநாட்டிலிருந்து ஆரம்பித்து, மென்பொருள் உருவாக்கும் பழைய முறைகளான வாட்டர்ஃபால், ஸ்பைரல், வி-மாடல் என்று வாரக்கணக்கில் படம் போட்டுக் காட்டி, அப்புறம் சின்னச் சின்னப் படிகளாகச் செய்யச் சொன்ன 2001 அஜைல் அறிக்கைக்கு வந்து, அங்கிருந்து அந்த வழியில் வந்த ஸ்க்ரம் முறையின் கூட்டத்தில் யார் எங்கே நிற்பது என்பது வரைக்கும் போகிறது. உதாரணம் எல்லாவற்றுக்கும் அதே நூலக மேலாண்மை மென்பொருள்தான். இதே பாடத்தை ஐஐடி பேராசிரியர்கள் என்பிடெல் (NPTEL) என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இலவசமாகவே எடுக்கிறார்கள். தேர்வு எழுதிச் சர்டிபிகேட் வேண்டுமென்றால்தான் பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75 மார்க். வீடியோவுக்காக மட்டும் லட்ச ரூபாய் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கடைசி மூன்று மாத புராஜெக்ட் வேறு கதை. சொந்தமாக ஒரு பிரச்சினையைக் கொண்டுவரலாம் என்றார்கள். எங்கள் குழுவில் திருநெல்வேலிப் பெண் ஒருவர், கோவைக்காரர் ஒருவர், நான். நான் சப்போர்ட் பார்க்கிற ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் எடைமேடை மென்பொருளை உரிமையாளரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டேன். யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போனது, ஒரே ஃபங்ஷன் (கோடில் ஒரு வேலைக்கான பகுதி) அறுநூறு வரிக்கு நீளும். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரும். லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டுக் காலி வண்டி ஒரு எடை, கழித்தால் நிகர எடை, அதில் கழிவு போக மீதிக்குப் பணம். கேட்க எளிதாக இருக்கிறதா?

எங்களுக்குக் கிடைத்த ரிவ்யூவர் பதினைந்து வருடம் கோடு எழுதியவர். முதல் வாரமே கோடைத் தொட விடவில்லை. "கழிவு எத்தனை சதவீதம், யார் முடிவு செய்கிறார்கள், எழுதி வாங்கி வாருங்கள்" என்றார். போய்க் கேட்டால் தொழிற்சாலைக்காரர், "அது காயைப் பாத்துப் போடுறதுதான் தம்பி" என்கிறார். அதை அப்படியே எழுதிக் கொடுத்தோம். அவர் அதன் ஓரத்தில் கேள்விகளாக எழுதித் திருப்பி அனுப்பினார்: பார்ப்பவர் யார்? பார்த்துச் சொன்ன சதவீதம் எங்கே பதிவாகிறது? ரசீது அச்சான பிறகு மாற்றலாமா, மாற்றினால் பழைய எண் இருக்குமா? விவசாயி ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? மண்டி வாசலில் நடக்கிற சண்டைகளில் பாதி இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாததால் வருவதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. ரெக்வயர்மென்ட்ஸ் (தேவைகளைக் கேட்டறிவது) பாடத்தில் வாரக்கணக்கில் வீடியோ பார்த்து வராதது இந்த ஒரு பக்கத்தில் வந்தது.

அடுத்து டெஸ்ட், அதாவது கோடைச் சோதிக்கிற சின்னக் கோடு. பழைய கோடை மாற்றுவதற்கு முன், அது இப்போது என்ன செய்கிறதோ அதை அப்படியே பிடித்துவைக்கிற டெஸ்ட்களை எழுதச் சொன்னார், சரியோ தப்போ, உள்ளது உள்ளபடி. நள்ளிரவு மாதிரி எல்லை மதிப்புகளைப் போட்டுப் பார்க்கும்போது திருநெல்வேலிப் பெண்தான் பிடித்தார். லாரி இரவு 11.50-க்கு லோடோடு எடை போட்டுவிட்டு, இறக்கி முடித்து 12.30-க்குக் காலி எடை போட வந்தால், மென்பொருள் அன்றைய தேதியையும் வண்டி எண்ணையும் சேர்த்துத் தேடுகிறது, தேதிதான் மாறிவிட்டதே, 'பதிவு இல்லை' என்கிறது. சீசன் நேரத்தில் ராத்திரி முழுக்க வண்டி வரும். இத்தனை வருடமும் ஆபரேட்டர் கம்ப்யூட்டரின் தேதியை முந்தின நாளுக்கு மாற்றிவைத்து ரசீது போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்திருந்ததையும் ரிவ்யூவர் விடவில்லை; 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்று ஓடவிட்டுக் காட்டி, எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாக மாற்றச் சொன்னார். ஒவ்வொரு மாற்றத்தையும் வரி வரியாகப் படித்து, பெயர் புரியவில்லை, இந்த நிபந்தனை எதற்கு, இதற்கு டெஸ்ட் எங்கே என்று கேட்டு, திருப்தி ஆகும்வரை ஏற்றுக்கொள்ளவே மாட்டார். கிருஷ்ணகிரியில் தனி ஆளாகக் கோடு எழுதுகிற எனக்கு இப்படி ஒருவர் படிப்பது அதுதான் முதல் தடவை.

சிக்கல் என்னவென்றால் இது முழுக்க அதிர்ஷ்டம். அதே பேட்ச்சில் இன்னொரு குழுவுக்குக் கிடைத்தவர் எல்லாவற்றுக்கும் 'குட் வொர்க்' என்று மட்டும் எழுதினார். கட்டணம் ஒன்றுதான்.

நிர்வாகத்துக்கு ஏன் ஒரு மார்க் என்றால், விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது கடைசிப் பெயர், இனிஷியல்தான். இனிஷியலை மட்டும் போட்டால் ஏற்காது, விரித்து அப்பா பெயரைப் போட்டேன். சர்டிபிகேட்டில் அப்பா பெயரைப் பெரிதாக முன்னால் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். அப்பா சந்தோஷப்பட்டார், அது வேறு விஷயம். திருத்தித் தர மாதக்கணக்காக இழுத்தார்கள். பயனரின் தேவையை எப்படிக் கேட்டு அறிவது என்று ஒரு பாடமே நடத்துகிற இடம் சார் இது! தேர்வைக் கண்காணிக்கிற செயலியும் அப்படித்தான், தெருவில் கோயில் மைக் போட்டால் 'அறையில் வேறு குரல்' என்று எச்சரிக்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் நேரலை வகுப்பு விழுந்தால் அன்றைய வருகைப்பதிவு போச்சு.

வேலை? ரெஸ்யூமேவுக்கு ஒரு மாதிரிப் படிவம் தருவார்கள், அப்புறம் பெங்களூர் வேலை விளம்பர இணைப்புகள், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் சிட்டியில் நான் போன இடங்களில் சர்டிபிகேட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எடைமேடை புராஜெக்ட்டைத் திறந்து, இந்த டெஸ்ட் ஏன், அந்த மாற்றம் ஏன் என்றுதான் கேட்டார்கள். பட்டம் கேட்கிற அரசு வேலைக்கு இதைக் காட்டிப் பயனில்லை.

பர்கூர் அல்லது தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியில் சிஎஸ்இ படித்துக்கொண்டிருந்தால் சேர வேண்டாம், இந்தப் பாடம் பெரும்பாலும் உங்கள் செமஸ்டரிலேயே வந்துவிடும். பிசிஏ, பி.எஸ்சி. முடித்து இரண்டு மூன்று வருடம் தனியாகக் கோடு எழுதிக்கொண்டிருக்கிறவர், ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்து கட்டணத்தைக் கம்பெனியே தருமென்றால், யோசிக்கலாம். புராஜெக்ட்டை யார் ரிவ்யூ செய்வார், ஒருவருக்கு எத்தனை குழு, போன பேட்ச்சில் எழுதிய ரிவ்யூ ஒன்றைப் பெயர் மறைத்துக் காட்டுவார்களா என்று மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். "இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால்தான் தள்ளுபடி" என்பார்கள். அடுத்த வாரமும் அதே தள்ளுபடியோடு போன் வரும்.