கோப்பிக் கடைகளில் ‘குளூட்டன் இல்லை’ என்று எழுதியிருப்பதை நம்பிக் குடிக்காதீர்கள்

நல்லூர்ப் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் ‘குளூட்டன் இல்லாதவை’ என்று விலைப்பட்டியலில் தனியாகப் போட்டுக் கூடுதல் காசும் வாங்குகிறார்கள். வீட்டில் சீலியாக் நோயாளி இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

என் தங்கச்சிக்கு அந்த நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் கொஞ்சம் போனாலே அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும். இதை நின்று விளக்கிச் சொல்லி, கோப்பிக்கு மேலே என்ன தூவுவீர்கள் என்றும் கேட்டேன். “சொக்லேற் தூள்தான் அக்கா, கோதுமை மா ஒன்றும் இல்லை” என்றார் அங்கே நின்ற தம்பி. சரி என்று ஐஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அன்றிரவே வயிற்றுவலி, வயிற்றோட்டம், அடுத்த நாளும் பிள்ளை எழும்பவில்லை.

திரும்பப் போய் அந்தத் தூளின் பேணியைக் காட்டச் சொன்னேன். முதலில் மறுத்தார்கள், அப்புறம் விடாமல் நின்றதால் காட்டினார்கள், பார்த்தால் அது மைலோ! மைலோவில் பார்லி மோல்ட், அதாவது முளைக்க வைத்து உலர்த்திய பார்லி, இருக்கிறது என்று பேணியிலேயே போட்டிருக்கிறது. அதோடு அந்தத் தூளுக்குள் கிடந்த கரண்டியால்தான் பக்கத்துப் பேணியிலிருந்த பிஸ்கற் நொறுக்கலையும் அள்ளுகிறார்கள். முதலாளியோ “இத்தனூண்டு தூள் என்ன செய்யும்” என்கிறார். சர்வதேச உணவுத் தரத்தின்படி குளூட்டன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. கரண்டியில் ஒட்டியிருக்கும் பிஸ்கற் தூளே இந்த அளவைத் தாண்டிவிடக்கூடும், அதைச் சொன்னால் சிரிக்கிறார்! நோயாளியின் வருத்தத்தை வைத்துக் காசு பார்ப்பது எனக்குத் தாங்க முடியாத கோபம்.

ஆகவே “கோதுமை இருக்கா” என்று மட்டும் கேட்காதீர்கள், கோதுமை இல்லாத மோல்ட் தூளிலும் பார்லி இருக்கும். ஹோர்லிக்ஸில் இரண்டுமே உண்டு. வேஃபர், பிரவுணி, பிஸ்கற் நொறுக்கல் எல்லாம் வழக்கமாகக் கோதுமை மாவில் செய்தவை. கலப்படமில்லாத கொக்கோ, கறுவாத் தூள் என்றால் பயமில்லை, ஆனால் அவற்றுக்கும் தனிக் கரண்டி வேண்டும். மோல்ட் அடித்த பிளெண்டரைக் கழுவாமல் அடுத்த கோப்பியை அடிக்கிற கடைகளும் இருக்கின்றன, அதையும் கேளுங்கள். தூளின் பேணியையோ பைக்கற்றையோ கையில் வாங்கி வாசியுங்கள், காட்ட மறுத்தால் வெறும் பால் கோப்பியோடு விட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் முகம் சுளிக்காமல் பேணியை எடுத்துக் காட்டுகிற கடை ஏதும் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.