மலையில் ஓடிய கார்: விலை ஏறிய நேரத்தில் வாங்கலாமா, விற்கலாமா?

நீலகிரியில் பழைய கார் விசாரித்தால் முதலில் காதில் விழுவது மூன்று தகவல்: "2018 மாடல், சிங்கிள் ஓனர், 42,000 கிலோமீட்டர்." கோவையில் இதை வைத்தே ஏறக்குறைய ஒரு விலை சொல்லிவிடலாம். மலையில் முடியாது. உதகை டவுனுக்குள்ளேயே 42,000 ஓடிய வண்டியும், வாரம் ஒருமுறை கோவைக்கு இறங்கி ஏறி 42,000 சேர்த்த வண்டியும் ஒன்றல்ல. முதல் வண்டியில் இன்ஜின் சரியாகச் சூடாகும் முன்பே பயணம் முடிந்திருக்கும். கிளட்ச், பேட்டரி, சைலன்சர் அடி வாங்கியிருக்கும். இரண்டாவதில் இன்ஜின் நன்றாக இருக்கும். பிரேக் டிஸ்க், டயர், வீல் பேரிங் தேய்ந்திருக்கும். எனவே ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ரோட்டில் ஓடிய கிலோமீட்டர் என்பதுதான்.

பழைய கார் விலை ஏன் ஏறியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் இன்ஜினையே விட்டுவிட்டது. நல்ல டீசல் ஸ்விஃப்ட்டுக்கு அன்றிலிருந்தே தனி கிராக்கி. 2021, 2022ல் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பழைய வண்டிப் பக்கம் திரும்பினார்கள். 2023ல் ஆல்டோ 800 நின்றது. அந்த விலையில் கிடைத்துவந்த புது வண்டியே இல்லாமல் போனது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு ஆயுள் வரியை உயர்த்தியது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஒரே மாநிலத்துக்குள் பெயர் மாற்றினால் இந்த வரி மறுபடி கிடையாது. அதாவது பழைய வண்டியின் விலைக்குள் ஏற்கெனவே கட்டிய வரியும் ஒளிந்திருக்கிறது.

ஆனால் 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு கணக்கு மாறிவிட்டது. 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. ஷோரூம் விலையில் சுமார் 8.5 சதவீதம் இறக்கம். பழைய வண்டி விற்கிறவர் பலர் இன்னும் அதற்கு முந்தைய புது விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். பேரம் தொடங்க வேண்டிய இடம் அது.

ஒரு மாதிரிக் கணக்கு. ஷோரூம் விலை 6 லட்சம் உள்ள சிறிய கார். வரி 78,000, இன்சூரன்ஸ் முப்பதாயிரம் அளவில். கைக்கு வரும்போது 7.1 லட்சம். அதே மாடல், மூன்று வயது, 5.2 லட்சம் கேட்கிறார்கள். மலை வண்டி என்பதால் கிளட்ச் செட் கூலியோடு பத்தாயிரம், நான்கு டயர் 18,000 முதல் 20,000, பேட், ஷூ, பிரேக் ஆயில் ஐந்தாயிரம், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்தால் 5.7 லட்சத்தைத் தொடும். வித்தியாசம் 1.4 லட்சம். லோன் போடுகிறவர் இதோடு நிறுத்தக் கூடாது. 5 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு 9 சதவீதத்தில் வாங்கினால் மாதம் 10,379. பழைய வண்டிக்கு 14 சதவீதம் போட்டால் 11,634. அறுபது மாதத்தில் 75,000 ரூபாய் கூடுதல். மிஞ்சும் 65,000க்காக மூன்று வருட வாரண்டியையும் மூன்று வருட ஆயுளையும் விட்டுக்கொடுப்பது வீண். கையில் ரொக்கம் இருந்து, வண்டி ஐந்து முதல் எட்டு வயதுக்குள் இருந்து, புது விலையில் பாதிக்குக் கீழே வந்தால்தான் பழைய வண்டியில் லாபம். இரண்டு, மூன்று வயது வண்டி இப்போதைக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கணிப்பு.

நீலகிரிப் பதிவான டிஎன் 43 எண்ணுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், அளவோடு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்தது. நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கு அது தேவையில்லை. கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கவும் வெளியூர் எண்ணை விடுவதில்லை. கோவையில் வாங்கி உதகை விலாசத்துக்கு மாற்றினாலும் டிஎன் 38 என்பது டிஎன் 38 ஆகவே இருக்கும். மாநிலத்துக்குள் விலாசம் மாறினால் எண் மாறாது. இங்கேயே குடியிருந்து அடிக்கடி கீழே போய்வருகிறவருக்கு இந்த எண் பத்து, பதினைந்தாயிரம் பெறும். அதற்கு மேல் கேட்டால் எண்ணை விற்கிறார், வண்டியை அல்ல.

வண்டியைப் பார்க்கும்போது

சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. உதகையில் பார்த்தால் தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி இறங்குங்கள். குன்னூரில் என்றால் கீழ்க் கடைவீதியிலிருந்து பெட்ஃபோர்ட் ஏற்றம், பிறகு பர்லியார் வரை இறக்கம். வண்டியில் நான்கு பேர் இருக்கட்டும். அப்படி ஓட்டத் தரமாட்டேன் என்கிற ஓனரிடம் வாங்காதீர்கள்.

முதலில் கிளட்ச். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். வண்டி மெதுவாக ஏறினாலும் சத்தமும் வேகமும் ஒன்றாகப் போக வேண்டும். ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று) மட்டும் எகிறி வேகம் அப்படியே நின்றால் பிளேட் வழுக்குகிறது. அடுத்து செங்குத்தான இடத்தில் ரிவர்ஸில் பத்தடி ஏற்றிப் பாருங்கள். இங்கே பாதி வீடுகளுக்கு வண்டியை ரிவர்ஸில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். அதனால் கிளட்ச் கருகுவது ரோட்டில் அல்ல, வீட்டு வாசலில். கருகல் வாசனையோ அதிர்வோ வந்தால் பிளேட்டோடு பிரஷர் பிளேட்டும் போயிருக்கலாம். பெட்ரோல் சின்ன வண்டிக்கு பத்தாயிரத்தில் முடியும் வேலை, டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைக் குறைக்கும் இரட்டைச் சக்கரம்) உள்ள டீசலுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும். கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாறும் ஏஎம்டி வண்டியில் பார்க்க வேண்டியது, பிரேக்கை விட்டதும் எவ்வளவு தூரம் பின்னால் உருளுகிறது என்பது. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட் இல்லாத பழைய ஏஎம்டியை ஆக்ஸிலேட்டரால் ஏற்றத்தில் நிறுத்திப் பழகியவர்கள் கிளட்ச்சைத் தின்று வைத்திருப்பார்கள்.

பிரேக்கில் கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி பிரேக் ஆயில். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு 140லேயே கொதிக்கும். டாட் 4 என்றால் 230, 155. மூடுபனியும் மழையும் உள்ள ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத ஆயில், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆவியாகத் தொடங்கினால் பெடல் காலோடு கீழே போய்க்கொண்டே இருக்கும். இறங்கி முடித்ததும், மலை ஏறும்போது பிடித்த இடத்திலேயே பெடல் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிரேக் போடும்போது ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. பேட் மட்டும் புதிது, டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு தட்டுகிறது என்றால் விற்பதற்காக ஒப்பேற்றியிருக்கிறார்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஹேண்ட் பிரேக்கையும் ஏற்றத்தில் நியூட்ரலில் சோதியுங்கள். எட்டு, ஒன்பது பல் இழுத்தும் நிற்கவில்லையென்றால் கேபிள் நீண்டுவிட்டது அல்லது பின் ஷூ தேய்ந்துவிட்டது.

ரேடியேட்டர் விஷயம் சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். கொதிக்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தம். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் ஃபேன் சுற்றும் முன்பே தண்ணீர் பொங்கும். "குளிர் ஊர்தானே" என்று கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகள் இங்கே ஏராளம். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். துருநிறத் தண்ணீர் தெரிந்தால் வாட்டர் பம்ப், ஹீட்டர் கோர் வரை செலவு வைக்கும்.

ஏசியை மறக்காமல் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். உதகையில் வருடக்கணக்கில் ஏசி போடாதவர்கள் உண்டு. கம்ப்ரஸர் சுற்றாவிட்டால் அதன் ஆயில் சுழலாது, சீல் காய்ந்து கேஸ் கசியும். இங்கே தேவையில்லைதான், கோவை போய்ச் சேர்ந்ததும் தெரியும்.

அடுத்தது ஈரம். கடற்காற்று இல்லாததால் சென்னை வண்டி போல இங்கே துரு வேகமாகத் தின்னாது, ஆனால் காய நேரமில்லாமல் மெதுவாக ஊறும். கதவுகளின் அடிவிளிம்பு, கார்ப்பெட்டுக்குக் கீழே தரை, ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகிய மூன்றும் போதும். கேரட், உருளைக்கிழங்கு மூட்டை, உரம் ஏற்றிய வண்டியென்றால் பின்பக்கத் தரையைத் தட்டிப் பாருங்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு. 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் சுத்தம் செய்யப்பட்டு விலை குறைவாக வந்திருக்கலாம்; உள்ளே புழுக்க வாடை அடித்தால் "மலை ஈரம் சார்" என்று சொல்வது சுலபம். மலை ஈரம் சீட்டின் மேலும் பெல்ட்டின் மேலும் வெள்ளைப் பூஞ்சணமாகப் படியும், துடைத்தால் போய்விடும். வெள்ளம் சேற்றை விட்டுச் செல்லும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சுருளுக்குள் மண்கோடு தெரியும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளிலும் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒயர் சாக்கெட்டுகளிலும் நுண்மண் இருக்கும். கூரையிலிருந்து கீழே இறங்கும் ஈரம் ஒன்று, தரையிலிருந்து ஏறிய ஈரம் வேறு. ஒயரில் எலி கடித்த தடம், குரங்கு வளைத்த வைப்பர், காட்டெருமை உரசிய கதவு எல்லாம் இந்த ஊரில் சகஜம். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

எந்த இன்ஜின்?

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் உதகை உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழக்கும். 800 சிசி வண்டி நான்கு பேரோடு வளைவில் முதல் கியர் கேட்பது பழுதல்ல. இருவர் போகும் வீட்டுக்கு அது போதும், குடும்பத்தோடு என்றால் 1.2 லிட்டர் எடுங்கள். பழைய 1.3 டீசல் மேலே ஏறினாலும் சோர்வதில்லை. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே மட்டும் தூங்கும் என்பதால் கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு மாற்றிப் பழக வேண்டும். பிஎஸ்6 டீசலை டவுனுக்குள் மட்டும் ஓட்டப் போகிறவர் வாங்கவே கூடாது. புகை வடிகட்டியான டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள பதினைந்து, இருபது நிமிடம் நிற்காத, சீரான ஓட்டம் வேண்டும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடினால் அது அடைத்துக்கொண்டே போகும். எரிந்து முடியாத டீசல், இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். டிபிஎஃப் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். மாதம் இரண்டு முறையாவது மேட்டுப்பாளையம் தாண்டிப் போகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

விற்பவருக்கு

விலை ஏறியிருக்கிறது என்பதற்காக மட்டும் விற்றால், திரும்ப வாங்கும்போது அதே ஏறிய விலையைக் கொடுக்க வேண்டும். வீட்டில் இரண்டாவது வண்டி சும்மா நிற்கிறவருக்கும், 15 வருடத்தை நெருங்குகிற வண்டி வைத்திருப்பவருக்கும்தான் இப்போது விற்பது லாபம். 15 வருடம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்கக் கட்டணம் மட்டும் 5,000, அதற்கு முன் எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்காகத் துருவும் பெயின்ட்டும் பார்க்கிற செலவு தனி. விற்பதானால் டிசம்பருக்கு முன் விற்றுவிடுங்கள். ஜனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும்.

கிளட்ச் வழுக்கினால் மாற்றி, பில்லோடு விற்கலாம். ஏற்றத்தில் வழுக்கியதைப் பார்த்தவர் பத்தாயிரம் அல்ல, முப்பதாயிரம் குறைத்துக் கேட்பார். டயரை மாற்ற வேண்டாம், அந்தக் காசு திரும்பாது. பட்டி பார்த்துப் புது பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். ஆக்சிடென்ட்டை மறைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கோவை டீலர்கள் "மலை வண்டி" என்று சொல்லியே அடிமாட்டு விலை கேட்பார்கள். அவர்கள் வாங்கி விற்கும் லாபத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இருப்பதும் அந்த விலைக்குள் அடங்கும். தனியாள் தனியாளுக்கு விற்றால் அந்த வரி இல்லை. உள்ளூரிலேயே ஆள் தேடுங்கள்.

கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் பெயர் மாற்றப் படிவங்களை (29, 30)ப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவது இன்னும் நடக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்குபவர் பெயர், தேதி எழுதாமல் படிவம் கை மாறக் கூடாது. விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். லோன் இருந்து முடிந்திருந்தால் வங்கியின் ஆட்சேபமில்லாச் சான்றோடு (என்ஓசி) படிவம் 35 கொடுத்து ஆர்சியில் அடமானக் குறிப்பை நீக்கிய பிறகே பேச்சைத் தொடங்குங்கள். வண்டி கொடுத்த தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மாலை நான்கு மணிக்குக் கொடுத்த வண்டிக்கு ஐந்து மணிக்கு கேமரா அபராதம் வந்தால் அது பேசும். ஃபாஸ்டேக்கை அன்றே மூடுங்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம்; இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அதிகபட்சம் 50 சதவீதம் வரை கழியும். வாங்கியவரும் பாலிசியை 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நபர் காப்பு மட்டும் தொடரும், சொந்த வண்டிச் சேதத்துக்குக் கைக்காசுதான்.