பிரின்ஸ் ஜார்ஜில் பல குளிர்காலம் கழித்தபின்

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்கே பிரின்ஸ் ஜார்ஜில் இருக்கிறேன் என்று சொன்னதுமே, "அங்கே மைனஸ் எவ்வளவு போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். முப்பது போகும். சில வருடம் நாற்பதையும் எட்டிப் பார்க்கும். ஆனால் இத்தனை வருடம் இங்கே குடித்தனம் நடத்திய அளவில் சொல்கிறேன்: குளிருக்கு இந்த ஊரில் எல்லாரிடமும் வழி இருக்கிறது. காற்று மாசுக்கும் தூரத்துக்கும்தான் வழி கிடையாது. வருவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

குளிரை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே பல கார்களின் முன்பக்கம் ஒரு ப்ளக் வயர் எட்டிப் பார்க்கும். எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டருடைய வயர் அது. கடுங்குளிர் நாளில் அதை மாட்டாமல் விட்டால் காலையில் வண்டி முனகும், சில நாள் அதுவும் இல்லை. ராத்திரி முழுக்க ஓட வேண்டியதில்லை. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஆன் ஆகும்படி டைமர் வைத்தால் போதும். வாடகைக்கு அபார்ட்மென்ட் பார்க்கப் போனால் பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை இங்குள்ள நெடுஞ்சாலைகளில் விண்டர் டயர் கட்டாயம். உண்மையில் அலுப்புத் தருவது பனி அள்ளுவது. வாசலைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே போய் டீ போடும்போது சாலையை வழிக்கும் வண்டி வரும். வாசலுக்குக் குறுக்கே கட்டிகட்டியாக ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். அப்புறம் மறுபடி ஜாக்கெட், பூட்ஸ், மண்வாரி.

சரி, காற்று. ஃப்ரேசர் ஆறும் நெச்சாக்கோ ஆறும் கூடுகிற பள்ளத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. நடு ஊரை இங்குள்ளவர்கள் 'பௌல்' என்பார்கள். காற்றசையாத குளிர்கால நாட்களில் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிக்கொள்ள, கீழே விறகடுப்புப் புகையும் காகிதக்கூழ் ஆலைகளின் கந்தக வாடையும் போக இடமில்லாமல் தங்கிவிடும். 2023இல் ஒரு கூழ் உற்பத்திப் பிரிவை மூடினார்கள். பலருக்கு வேலை போனது. வாடை முழுதாகப் போகவில்லை. வசந்தத்தில் இன்னொரு தொல்லை: டயர் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் தூவிய மணல், பனி உருகியதும் தூசியாக எழும். கோடையில் காட்டுத்தீ. 2017, 2018 இரண்டு வருடமும் புகை மோசம். 2017இல் தீக்குத் தப்பி வந்த ஆயிரக்கணக்கானவர்கள் இந்த ஊரில்தான் தங்கினார்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் பௌலில் வீடு எடுக்காதீர்கள். மேட்டில் இருக்கும் காலேஜ் ஹைட்ஸ் அல்லது ஹார்ட் பக்கம் பாருங்கள். பஸ் குறைவு, ஆனால் மூச்சு விடலாம்.

இவ்வளவு குறை சொல்லியும் நான் இங்கேயே இருப்பதற்குக் காரணம் ஆட்வே நார்டிக் சென்டர் என்ற பனிச்சறுக்கு மையம். நடு ஊரிலிருந்து காரில் பத்து நிமிடம் சொச்சம். 2015 கனடா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான 2019 உலகப் பாரா நார்டிக் பனிச்சறுக்குச் சாம்பியன்ஷிப்பும் நடந்த தடங்கள் அவை. அதிலேயே ஆபீஸ் விட்டு வந்து சறுக்கலாம். டிசம்பரில் சீக்கிரமே சூரியன் மறைந்துவிடும், ஆனால் சில தடங்களில் விளக்கு உண்டு. காலில் மாட்டிச் சறுக்கும் ஸ்கீ வாடகைக்கும் கிடைக்கும். மேடு ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் நடுப்பகுதியில் மெழுகு தேய்க்க வேண்டும்: கடுங்குளிருக்குப் பச்சை, கொஞ்சம் இளகினால் நீலம், பூஜ்யத்தை நெருங்கினால் ஊதா. தப்பான நிறத்தைத் தேய்த்தால் ஒன்று வழுக்கும், இல்லையென்றால் அடியில் பனி அப்பிக்கொண்டு நகரவே நகராது. மைனஸ் இருபதுக்குக் கீழே எதைத் தேய்த்தாலும் பனி சறுக்க விடாது, பிடித்து இழுக்கும். அன்றைக்கு நீச்சல் குளம்தான்.

கோடை வேறு ஊர். ஜூனில் பத்து மணிக்குக் கொஞ்சம் முன்புதான் சூரியன் இறங்கும், சாப்பிட்டுவிட்டுக் கூட நடக்கக் கிளம்பலாம். பல்கலைக்கழகக் குன்றில் ஃபாரஸ்ட்ஸ் ஃபார் தி வேர்ல்டு பூங்கா, ஷேன் ஏரி, அதில் பீவர் என்ற நீர்விலங்கு கட்டிய வீடு. கொசு உண்டு, தாராளமாக. ஆற்றோரக் காட்டன்வுட் ஐலண்ட் பூங்காவில் மரப்பட்டைகளில் யாரோ முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போய்த் தேட விடுங்கள். கிழக்கே நெடுஞ்சாலை 16இல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஏன்ஷியன்ட் ஃபாரஸ்ட். கடலிலிருந்து இத்தனை தள்ளி ஒரு மழைக்காடு, ஆயிரம் வயதைத் தாண்டிய செடார் மரங்கள். வெட்டுவதற்கு அடையாளம் போட்டிருந்த காடு, ஊர்க்காரர்கள் போராடியதால் நின்றது, 2016இல் மாகாணப் பூங்காவானது. பலகைப் பாதை இருப்பதால் ஊரிலிருந்து வந்த பெற்றோரையும் கூட்டிப்போகலாம்.

ஷாப்பிங், ஹோட்டல் என்று வார இறுதியைக் கழிப்பவர்களுக்கு ஒரு மாதத்தில் சலித்துவிடும். குளிர்காலத்தில் சி.என். சென்டர் அரங்கில் உள்ளூர் கூகர்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி உண்டு. ஹாக்கி புரியாவிட்டாலும் சண்டை புரியும்.

இனி தூரம். வான்கூவர் காரில் ஒன்பது மணி நேரம், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், டிக்கெட் விலையோ தூரத்துக்குப் பொருத்தமே இல்லாதது. ஊர்விட்டு ஊர் போகும் கிரேஹவுண்ட் பஸ் 2018இல் நின்றுபோனது. பக்கத்து மாகாணத்தின் ஜாஸ்பருக்குப் போகும் ரயில் வாரத்தில் சில நாள்தான். புற்றுநோய்ச் சிகிச்சை மையம் 2012இலேயே வந்துவிட்டது, அது பெரிய நிம்மதி. ஆனால் சில சிறப்பு மருத்துவர்களைப் பார்க்க இன்னும் வான்கூவர்தான், குடும்ப டாக்டர் கிடைப்பதும் லேசில்லை. வீட்டில் தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் இருந்தால், வேலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் இதை விசாரியுங்கள்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மர ஆலை வேலைக்கு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் பல காலமாக இங்கே இருப்பதால் பருப்பு, மசாலா கிடைத்துவிடும். கறிவேப்பிலை வருகிற வாரம் வாங்கி ஃப்ரீசரில் போட வேண்டியதுதான். இட்லி மாவு வீட்டில் அரைப்பதுதான். நம் ஊர் 230 வோல்ட் கிரைண்டர் இங்கே ஓடாது, 110 வோல்ட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மாவு புளிக்க ஓவனுக்குள் லைட்டை மட்டும் போட்டு வையுங்கள். வைத்ததை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். காலையில் யாராவது பீட்சாவுக்கு ஓவனை ஆன் செய்தால் பாத்திரமும் போகும், மாவும் போகும்.