கெர்னலை உயர்த்துவதா, ஜிலிப்சியை மாற்றுவதா, கன்டெய்னருக்குள் ஒதுங்குவதா?

பழைய லினக்ஸ் சர்வரில் புதிய நிரல் ஒன்றை ஓட்டிப் பார்ப்பவருக்கு இரண்டு விதமான பிழைச் செய்திகள் வரக்கூடும். ஒன்று, ‘ஜிலிப்சி 2.28 கிடைக்கவில்லை’ என்பது. மற்றொன்று, ‘கெர்னல் மிகப் பழையது’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நிரல் அங்கேயே நின்றுவிடுவது. முதலாவதில் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பங்கே கிடையாது. நிரல் எதிர்பார்க்கும் ஜிலிப்சி, அதாவது நிரல்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் சி நிரலகம், கணினியில் இருப்பதைவிடப் புதியது, அவ்வளவுதான். நிரலகத்துக்கும் கெர்னலுக்கும் நேரடிப் பிணக்கு என்பது இரண்டாவது மட்டுமே. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்து ஒரு நாள் முழுவதும் வீணாகிறது.

ஜிலிப்சியைத் தொகுக்கும்போதே, ‘இதற்குக் கீழான கெர்னலில் ஓட மாட்டேன்’ என்ற குறைந்தபட்ச எண் அதற்குள் பதிந்துவிடுகிறது. 2014-இல் வந்த 2.20 பதிப்பு அந்த வரம்பை 2.6.32 என்று வைத்தது. 2017-இல் வந்த 2.26, இன்டெல், ஏஎம்டி வகை எக்ஸ்86 கணினிகளுக்கும் அதை 3.2-க்கு உயர்த்தியது. ‘ஃபைல்’ கட்டளையை ஏதேனும் ஓர் இயங்கு கோப்பின் மேல் ஏவினால், வெளியீட்டின் நடுவில் ‘குனு/லினக்ஸ் 3.2.0-க்கு’ என்ற பொருள்படும் துணுக்கு கண்ணில் படும்; அந்தக் கோப்பு கோரும் குறைந்தபட்சக் கெர்னல் அதுவே. சென்ட்ஓஎஸ் 6-இன் கெர்னல் 2.6.32, சென்ட்ஓஎஸ் 7-இன் கெர்னல் 3.10. ஆகவே 6-இல் கெர்னல் பிணக்கு உண்மையானது, 7-இல் பெரும்பாலும் நிரலகம்தான் பழையது (2.17), கெர்னல் போதுமானது.

இரண்டாவது பிழைக்குக் கெர்னலை மட்டும் உயர்த்துவது பார்ப்பதற்குப் பெரிய வேலையாகத் தோன்றினாலும், என் கணக்கில் முதலில் பரிசீலிக்க வேண்டிய வழி அதுதான். பழைய நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டும் பிடிவாதம் ஊரறிந்தது. அதனால் பழைய நிரலகம் புதிய கெர்னலின் மேல் பெரும்பாலும் எந்தச் சலசலப்பும் இன்றி ஓடும். சென்ட்ஓஎஸ் 7-க்கு எல்ரெப்போ என்ற வெளித் தொகுப்பகத்திலிருந்து 5.4 கெர்னலை ஏற்றி, மற்ற எதையும் தொடாமல் காலம் தள்ளியவர்கள் உண்டு. வழியில் தடங்கலாக நிற்பவை கெர்னலுக்கு வெளியே தொகுக்கப்பட்ட மாட்யூல்கள்: என்விடியா டிரைவர், ரெய்டு அட்டைக்கு விற்பனையாளர் கொடுத்த டிரைவர் போன்றவை. பழைய கெர்னலைப் பூட் பட்டியலில் விட்டுவைத்தால், தவறினாலும் ஒரு ரீபூட்டில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

நிரலகத்தை அதே இடத்தில் மாற்றுவதற்கு இந்த வசதி கிடையாது. ஒருமுறை தொலைவிலிருந்த சர்வர் ஒன்றில், ‘லிப்சி.எஸ்ஓ.6’ என்ற இணைப்பை நானே தொகுத்த புதிய ஜிலிப்சிக்குத் திருப்பிவிட்டேன். அடுத்த நொடி முதல் ‘எல்எஸ்’ ஓடவில்லை, ‘சிபி’ ஓடவில்லை, ‘சுடூ’வும் ஓடவில்லை; நிரலகங்களை நினைவகத்தில் ஏற்றித்தரும் பழைய லோடரும் புதிய நிரலகமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. திறந்திருந்த ரூட் ஷெல் மட்டும் நினைவகத்தில் ஏற்கெனவே ஏறியிருந்ததால் பிழைத்துக் கிடந்தது. அன்று கைகொடுத்தது ‘எஸ்எல்என்’ என்ற சிறு கருவி: எந்தப் பகிர்வு நிரலகத்தையும் நம்பாமல் நிலையாகத் தொகுக்கப்பட்டு, இத்தகைய விபத்துக்கென்றே ஜிலிப்சியுடன் சேர்ந்து வரும் இணைப்புக் கட்டளை. அதைக் கொண்டு பழைய இணைப்பை மீட்டேன். அந்த ஷெல்லை அவசரத்தில் மூடியிருந்தால், டேட்டா சென்டருக்கு வண்டி பிடித்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக, புதிய ஜிலிப்சியைத் தனிக் கோப்புறையில் வைத்து, வேண்டிய நிரலின் லோடர் பாதையையும் நிரலகப் பாதையையும் ‘பேட்ச்எல்ஃப்’ கருவியால் திருத்துவது நாகரிகமான வழி. 2024 தொடக்கத்தில் விஎஸ் கோடின் தொலைநிலை சர்வர் ஜிலிப்சி 2.28-ஐக் கட்டாயமாக்கியபோது, 2.27-உடன் நின்றிருந்த உபுண்டு 18.04 பயனர்கள் ஓர் எண் வித்தியாசத்தில் வெளியே தள்ளப்பட்டார்கள்; அவர்களில் பலர் ஒதுங்கிய இடம் இதுதான். ஒரே நிரலுக்கு இது போதும். ஆனால் பயனர் பெயர்களையும் முகவரிகளையும் தேடித்தரும் என்எஸ்எஸ் துணைக் கோப்புகளைப் புதிய நிரலகம் ஓட்ட நேரத்தில் ஏற்றும்போது, கணினியில் இருக்கும் பழைய கோப்புகளோடு மோதிக்கொள்ளக்கூடும். கெர்னல் வரம்பையும் இது தாண்டித் தராது என்பதை மறக்கக் கூடாது.

அந்தக் கடைசி வாக்கியம், டாக்கர் போன்ற கருவிகள் நிரலை அதற்கு வேண்டிய நிரலகங்களோடு தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்கும் அப்படியே பொருந்தும். ‘டாக்கரில் போட்டுவிடுங்கள்’ என்பது எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் போலச் சொல்லப்படுகிறது. நிரலகம் பழையது என்ற முதல் பிழைக்கு அது மிக நல்ல மருந்து. சென்ட்ஓஎஸ் 7-இன் மேல் உபுண்டு 22.04 படிமத்தை ஓட்டுவதில் கெர்னல் எண்ணால் தடையில்லை. இரண்டாவது பிழைக்கோ அது எள்ளளவும் உதவாது, ஏனெனில் உள்ளே எந்தப் படிமம் இருந்தாலும் கெர்னல் வெளியே உள்ள கணினியுடையதே. அத்துடன் மூன்றாவதாக ஒரு பிணக்கையும் கன்டெய்னர் உண்டாக்கியது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, புதிய த்ரெட்டை உருவாக்க முதலில் ‘குளோன்3’ என்ற கெர்னல் அழைப்பை முயல்கிறது. அப்படியோர் அழைப்பே கெர்னலில் இல்லை என்ற பொருளில் ‘ஈநோசிஸ்’ திரும்பி வந்தால், சத்தமில்லாமல் பழைய ‘குளோன்’ அழைப்புக்கு இறங்கிக்கொள்கிறது. எந்தக் கெர்னல் அழைப்புகளை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் டாக்கரின் பழைய செக்கம்ப் வடிகட்டியோ, தனக்குத் தெரியாத அந்த அழைப்புக்கு ‘ஈபெர்ம்’, அதாவது அனுமதி இல்லை என்று பதில் தந்தது. ‘இல்லை’ என்றால் மாற்றுவழி தேடும் நிரலகம், ‘அனுமதி இல்லை’ என்றதும் அதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது. நிரலின் கெர்னல் அழைப்புகளை வரிசையாகக் காட்டும் ‘ஸ்ட்ரேஸ்’ கருவியைப் போட்டுப் பார்த்தால் குளோன்3-இன் எதிரே அந்த ஒற்றைச் சொல் தெரியும். டாக்கர் 20.10.10 இதைச் சரிசெய்தது. செக்கம்பையே அணைத்துவிட்டாலும் நிரல் ஓடும். பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றிப் போடுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மூல நிரல் கையில் இருப்பவர்களுக்கு, பழைய கணினியிலேயே தொகுப்பது இவை அனைத்தையும்விடச் சிக்கனமானது; பழைய நிரலகத்துடன் தொகுத்தது புதியதிலும் ஓடும். பைத்தான் உலகின் ‘மெனிலினக்ஸ்2014’ சக்கரக் கோப்புகள் (முன்கூட்டியே தொகுத்த நிறுவல் பொதிகள்) சென்ட்ஓஎஸ் 7-இன் 2.17-ஐ அடித்தளமாகக் கொண்டதற்குக் காரணமே அதுதான். ஜிலிப்சிக்கு மாற்றான மசில் நிரலகத்தை நிரலுக்குள்ளேயே சேர்த்து நிலையாகத் தொகுப்பதும் நல்லதே. ஆனால் 2023-இல் வந்த 1.2.4 வரை இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் அதன் டிஎன்எஸ் பகுதி, பெரிய பதில்களுக்கு வேண்டிய டிசிபி நெறிமுறைக்கு மாறத் தெரியாததாக இருந்தது என்பதால், பழைய மசிலுடன் தொகுத்தவற்றில் பெரிய டிஎன்எஸ் பதில்கள் கிடைக்காமல் போகலாம்.

கெர்னலின் எண்ணைப் பொய்யாகக் காட்டுவதும் ஒரு வழியாகப் புழங்குகிறது. கன்டெய்னர் தொழில்நுட்பமான ஓப்பன்விஇசட் 6-ஐப் பயன்படுத்திய ஹோஸ்டிங்குகள் 2.6.32 கெர்னலைப் புதிய எண்ணுடன் காட்டி, புதிய விநியோகங்களை ஓடவைத்தன. தேவையான புதிய அழைப்புகளைப் பழைய கெர்னலிலேயே சேர்த்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். 3.2 வரம்புடன் தொகுத்த ஜிலிப்சியில், 3.2 கெர்னலில் உறுதியாக இருக்கும் என்று கருதப்பட்ட அழைப்புகளுக்கான மாற்றுவழிகள் நீக்கப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் ஏமாற்றினால், நிரல் வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் போய் விழும்.

கெர்னலை உயர்த்தும் வழிக்கு எனக்குத் தெரிந்த முக்கிய விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜிலிப்சி 2.13-உம் அதற்கு முந்தையவையும் நேரம் கேட்பதற்கு ‘விசிஸ்கால்’ என்ற நிலையான முகவரிப் பக்கத்தை நாடின. பாதுகாப்புக் காரணத்தால் டெபியன் போன்றவை புதிய கெர்னல்களில் அதை முற்றிலும் அணைத்துவிட்டன. அத்தகைய கணினியில் சென்ட்ஓஎஸ் 6 படிமத்தை ஓட்டினால், பாஷ் ஒரு வார்த்தையும் பேசாமல் நினைவக அணுகல் பிழையைக் குறிக்கும் 139 என்ற வெளியேற்ற எண்ணுடன் விழும். பூட் வரியில் விசிஸ்காலை ‘எமுலேட்’ என்று அமைத்து ரீபூட் செய்தால் அது எழுந்து ஓடத் தொடங்கும்.