டெக்சாஸில் சொந்த வீடு: வரியோடும் இன்ஷூரன்ஸோடும் சில வருடங்கள்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் புது வீடு வாங்கிக் குடிவந்து சில வருடங்கள் ஓடிவிட்டன. முப்பது வருடக் கடன், மாறாத வட்டி. ஆனால் மாதத் தவணை ஒரு வருடம் இருந்தபடி மறுவருடம் இருந்ததில்லை. மாறாதவை அசலும் வட்டியும்தான். வரியையும் இன்ஷூரன்ஸையும் நம் சார்பில் கட்ட வங்கி பணம் சேர்த்து வைப்பது எஸ்க்ரோ கணக்கு. அதற்கென்று அவற்றோடு சேர்த்து வாங்கும் சொத்து வரியும் இன்ஷூரன்ஸும் தம் போக்கில் ஏறும். வட்டியில் கால் சதவீதம் குறைக்க நாலு வங்கி ஏறி இறங்குகிறவர்கள் இந்த இரண்டையும் விசாரிப்பதே அபூர்வம்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதை எண்ணிக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் பள்ளி மாவட்டம், கவுன்டி, 'மட்' எனப்படும் குடிநீர் வடிகால் மாவட்டம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி விகிதம் வைத்துச் சொத்து வரியாக வாங்கிக்கொள்கின்றன. புதுக் குடியிருப்புகளில் மொத்தம் 2.5 சதவீதத்தைத் தொடுவது சகஜம். 4,00,000 டாலர் வீட்டுக்கு வருடம் 10,000. குழாயும் சாக்கடையும் போட வாங்கிய கடனை மட் நம்மிடம்தான் வசூலிக்கிறது. வீடுகள் பெருகினால் அந்த விகிதம் இறங்கும். எங்களுக்கும் இறங்கியிருக்கிறது, ஆமை வேகத்தில்.

மதிப்பீடு ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்குத்தான். அன்று வெறும் மனையாக இருந்தால் அந்த வருட வரியும் மனைக்கு மட்டுமே. மறுவருடம் முழு வீட்டுக்கும் பில் வரும். எஸ்க்ரோவில் விழுந்த துண்டையும் கட்ட வேண்டும், புது வரிக்கேற்ற மாதத் தொகையும் கூடும். அலுவலகத்தில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் முன்பே சொல்லிவைத்தார்: "தம்பி, முதல் வருஷ பில்லப் பாத்து சந்தோஷப்படாத. மிச்சத்தத் தனியா எடுத்து வை." வைத்தோம். தெருவில் பலருக்குத் தவணை எகிறிய வருடம் நாங்கள் தப்பினோம்.

குடிவந்ததும் செய்ய வேண்டியது ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது நாமே குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகைக்கு, விண்ணப்பிப்பது. ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம், கட்டணம் கேட்டுத் தபாலில் வரும் அரசாங்கச் சாயல் கடிதங்களைக் குப்பையில் போடலாம். பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகை 2023-இல் 1,00,000 டாலராகவும் 2025-இல் 1,40,000 ஆகவும் உயர்ந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, சந்தை விலை எவ்வளவு எகிறினாலும் வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பு. விலக்கு கிடைத்த மறுவருடத்திலிருந்து அது நடைமுறைக்கு வரும்.

மதிப்பீட்டு நோட்டீஸ் வசந்த காலத்தில் வரும். மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பி 30 நாளுக்குள், இதில் எது பிந்தியதோ அதுவரை ஆட்சேபிக்கலாம். ஏஜெண்டுக்குப் பங்கு கொடுக்காமல் நானே செய்கிறேன். இங்கே விற்பனை விலை பொது ஆவணம் அல்ல; ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பு மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் இருக்கிறது. அதே அளவு, அதே வயது வீடுகளைச் சதுர அடிக் கணக்கில் அடுக்கி, 'அவர்களைவிட எனக்கு ஏன் கூடுதல்?' என்று கேட்பதுதான் எடுபடுகிறது. பெரும்பாலும் ஏதாவது குறைத்திருக்கிறார்கள்.

வரியிலாவது வாதாட இடம் உண்டு. இன்ஷூரன்ஸில் அதுவும் இல்லை. 2021 பிப்ரவரிக் குளிரில் ஊரெங்கும் குழாய்கள் வெடித்தன. 2024-இல் மே மாதச் சூறைக்காற்றும் ஜூலையில் பெரில் புயலும் வந்தன. க்ளெய்மே கேட்காத எங்கள் பிரீமியமும் ஏறிக்கொண்டே போகிறது. மலிவான கொட்டேஷன் வரும்போது நான் பார்ப்பது இரண்டு. காற்று, ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிள், அதாவது சேதத்தில் நாம் ஏற்க வேண்டிய முதல் பங்கு, கட்டடக் காப்புத் தொகையில் சதவீதமாக இருக்கும். 3,50,000 டாலருக்கு 2 சதவீதம் என்றால் முதல் 7,000 நம் பையிலிருந்து. அடுத்து கூரை: புதுசாகப் போடும் செலவைத் தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா? பல மலிவு பாலிசிகளின் சூட்சுமம் இங்கேதான். புயல் முடிந்த மறுநாள் கதவைத் தட்டி "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கிறோம்" என்கிற கூரை கான்ட்ராக்டர்களை உள்ளே விடாதீர்கள். 2019 முதல் அது சட்டவிரோதம்.

வெள்ளம் இந்த பாலிசியில் அடங்காது. 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது பார்க்கர் நீர்த்தேக்கத்தின் மேற்கே, வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறிக்காத வீடுகளிலும் தண்ணீர் புகுந்தது. எங்கள் வீடும் அப்படிக் குறிக்காத எக்ஸ் மண்டலம்தான், வெள்ளக் காப்பீடு வேண்டுமென்று வங்கி கேட்கவில்லை. ஆனாலும் மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டை எடுத்துப் புதுப்பித்து வருகிறோம். கட்டடத்துக்கு 2,50,000, பொருட்களுக்கு 1,00,000 டாலர் உச்சவரம்பு. பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. புயல் செய்தியைப் பார்த்து எடுத்தால் உதவாது. "வராத வெள்ளத்துக்கு ஏன் பணம்?" என்று வருடா வருடம் வீட்டில் விவாதம் நடக்கும், பிறகு கட்டிவிடுவோம்.

இப்போது வீடு தேடும் நண்பர்களுக்கு நான் சொல்வது: பழைய வீடென்றால் கூரைக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். அந்த முகவரிக்கு இன்ஷூரன்ஸ் கொட்டேஷனையும் மட் விகிதத்தையும், ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளக் கிடைக்கும் ஆப்ஷன் காலம் முடிவதற்குள் கையில் வாங்கிவிடுங்கள். அந்தக் கெடுவுக்குள் விலகினால் எர்னஸ்ட் மணியாகக் கட்டிய முன்பணம் திரும்பி வரும், ஆப்ஷன் கட்டணம் மட்டும் போகும்.