பயர்பாக்ஸா, பிரேவா?

இணையத்தில் நம்மைப் பின்தொடர்பவர்களைத் தவிர்க்க எந்தப் பிரவுசர் நல்லது, பயர்பாக்ஸா, பிரேவா என்பதுதான் கேள்வி. குரோமிலேயே இருந்து சமாளித்துவிடலாம் என்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மூன்றாம் தரப்பு குக்கீகளை (நாம் திறந்த தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் நம்மை அடையாளம் காணப் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) ஒழிக்கப்போவதாக 2020-ல் அறிவித்த கூகுள், 2024-ல் அதைக் கைவிட்டது. விளம்பரத் தடுப்பு நீட்சியான யுபிளாக் ஆரிஜினின் முழுப் பதிப்பும் இப்போது குரோமில் ஓடாது, லைட் என்ற சுருக்கப் பதிப்பு மட்டும்தான். இன்காக்னிட்டோ நம் கணினியில் தடம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். எதிர்முனையில் இருக்கும் தளத்துக்கு நம் ஐபி முகவரி வழக்கம்போலத் தெரியும்.

சரி, பிரேவ். நிறுவியதுமே அதன் தடுப்புக் கவசமான ஷீல்ட்ஸ் வேலையைத் தொடங்கிவிடும். விளம்பரங்களும் டிராக்கர்களும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஃபிங்கர்பிரின்டிங்குக்கு, அதாவது நம் கருவியின் சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்து நம்மை அடையாளம் காண்பதற்கு எதிராக, பிரேவ் செய்யும் தந்திரம் எனக்குப் பிடிக்கும்: கேன்வாஸ் (பிரவுசர் படம் வரையும் விதம்) போன்ற விவரங்களைத் தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்லும். பிடிக்காதது கிரிப்டோ வாலட், விளம்பரம் பார்த்தால் கிடைக்கும் ரிவார்ட்ஸ் என்று உடன் வரும் மூட்டை முடிச்சு. முதல் பத்து நிமிடம் அவற்றை மறைப்பதிலேயே போய்விடும்.

பயர்பாக்ஸில் நாம்தான் கொஞ்சம் கை வைக்க வேண்டும். 2022 முதல் அதில் தளத்துக்கு ஒரு குக்கீ டப்பா. ஒரு வீட்டுச் சம்படத்தில் அடுத்த வீட்டார் கை விட முடியாது. அதோடு டிராக்கிங் பாதுகாப்பை ஸ்ட்ரிக்ட்டுக்கு மாற்றி, யுபிளாக் ஆரிஜினைச் சேர்த்து, பயன்பாட்டு விவரங்களைத் தயாரிப்பாளருக்கு அனுப்பும் டெலிமெட்ரியை அணைத்தால் போதும்.

போதும் என்று நிறுத்தத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. பயர்பாக்ஸின் நுணுக்க அமைப்புகள் இருக்கும் அபவுட்:கான்ஃபிக் பக்கத்துக்குப் போய், எல்லாருடைய விவரங்களையும் ஒரே மாதிரி காட்ட முயலும் ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்கை இயக்குவார்கள். அது நம் நேர மண்டலத்தை, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரமான யுடிசி என்று சொல்லிவிடும். காலை 10 மணிக்கு வந்த மெயிலை வெப்மெயில் 4.30 என்று காட்டும். கேன்வாஸ் விவரத்தையும் அது குழப்பிவிடுவதால், பிரவுசரிலேயே படத்தைச் சுருக்கி அனுப்பும் தளத்தில் பாஸ்போர்ட் போட்டோவை ஏற்றினால், முகத்துக்குப் பதில் வண்ணக் கோடுகள் போகலாம். திட்டு மட்டும் தளத்துக்கு! அடையாளத்தை மறைத்து உலவுவதற்கான டோர் பிரவுசரில் எல்லாரும் ஒரே முகமூடியோடு திரிகிறார்கள், அதனால் அங்கே இது பலிக்கிறது. சாதாரணக் கூட்டத்தில் முகமூடி போட்டவன்தான் முதலில் கண்ணில் படுவான். பயர்பாக்ஸிலிருந்து உருவான லிப்ரவுல்ஃப் என்ற பிரவுசர் இந்த அமைப்பைத் தானே இயக்கி வைத்திருக்கும். மூடும்போது குக்கீகளையும் துடைப்பதால் தினமும் லாகின் செய்ய வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

என் லேப்டாப்பில் பயர்பாக்ஸ். அம்மாவின் போனில் பிரேவ், ஏனென்றால் அங்கே யாரும் அமைப்புகளைத் திறக்கப்போவதில்லை. ஏதாவது தளம் அடம்பிடித்தால் முகவரிப் பட்டையில் இருக்கும் சிங்கத்தைத் தொட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் ஷீல்ட்ஸை அணைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.